செவலைக் காளையின் கழுத்துப் புண்

ஆற வேண்டிய ஒரு புண்ணை நான் ஆறவிடவில்லை. பாதிக்கு மேல் தெரிந்தே செய்தேன். இந்த வயதில் அதைச் சொல்லக்கூட அலுப்பாக இருக்கிறது.

முதல் மகா யுத்தத்துக்கு முன், பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற செங்கல்சூளைப் பகுதியில் மாட்டு வண்டியில் செங்கல் ஏற்றி ஓட்டியவர்கள் மாட்டுக்குக் காயம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். நான் மனிதர்களுக்கு மருந்து கட்டும் டிரெஸர். மிஷன் பள்ளியில் படித்தவன். ஒரு வண்டிக்காரர் தம் செவலைக் காளையைக் கொண்டுவந்தார். நுகத்தடி உரசிக் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஜோடியில் ஒன்று படுத்தால் வண்டி ஓடாது. அவருக்குப் பிழைப்பும் இல்லை.

கிருமியைக் கொல்ல வேண்டும் என்று மட்டுமே நான் கற்றிருந்தேன். தினமும் கார்பாலிக் என்ற காரமான மருந்தை ஊற்றிச் சீழை வழித்தேன். அடியில் சிவப்பாக அரும்பிய சதையையும் தேய்த்தெடுத்தேன்.

"என்னமா தேய்க்கிறாரு பாரு! இவருதான்யா டிரெஸரு" என்பார்கள் மற்ற வண்டிக்காரர்கள். அது எனக்கு இனித்தது.

அதே காளையின் பின்னங்காலிலும் ஒரு காயம். உதைக்கும் என்று பயந்து அதை நான் தொடவே இல்லை. அது தானாகச் சதை வைத்து மூடிக்கொண்டது. பார்த்தேன். ஆனால் கழுத்தில் தேய்ப்பதை நிறுத்தினால், அதுவரை செய்ததெல்லாம் தப்பென்று ஆகிவிடும். நிறுத்தவில்லை.

கழுத்துப் புண் குழியாகி அழுகிக் காளை செத்தது. வண்டியை விற்றுவிட்டு அவர் ரவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போனார்.

யுத்தம் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரி டாக்டர் மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டுச் சீழைக் காட்டினார். இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் காயத்துக்குத் திரண்டு வந்து, கிருமியையும் செத்த சதையையும் தின்று தீர்க்கின்றனவாம். அவை இடத்தைச் சுத்தம் செய்தால்தான் புதுச் சதை வளருமாம். காரமான மருந்து முதலில் கொல்வது அவற்றைத்தான்.

ரவாங்குக்கு ரயிலேறிப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட விடுங்கய்யா. எவன் மாட்டுக்கோ யாரு அப்படித் தினமும் மருந்து போடுவா?" என்றார். பிறகு கணுக்காலில் இருந்த பெரிய புண்ணைக் காட்டினார். "இதுக்கும் அந்த மருந்தையே ஊத்துங்க."

நான் காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவித் துணி கட்டினேன். வாராவாரம் போனேன். ஓரங்களில் சதை சிவந்து வந்தது. ஒருமுறை போனபோது கட்டைக் காணோம். புண் வெந்து வெளுத்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்கய்யா. என் மேல பரிதாபப்பட்டு மெதுவாப் பாக்குறீங்க. அதான் கார்பாலிக் வாங்கி நானே ஊத்திக்கிட்டேன்."

திரும்பவும் விளக்கினேன். தலையாட்டினார். அடுத்த வாரமும் போனேன். வாசலுக்கு வந்து கும்பிட்டார். அவர் மேல் கார்பாலிக் வாடை அடித்தது. புண்ணை மட்டும் வேட்டியால் மூடிக்கொண்டார்.