ஒரே படத்தில் இரண்டு சோடிகள்

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த நாட்டில், விரி என்ற இடத்தில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்தவர் ஒரு நைஜீரியாக்காரர், டிவ் இனத்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவரோடு பெரும்பாலும் சிரிப்பால்தான் கதை. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பிளாக்ஹவுஸ் பேயில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவரைச் சாப்பிடக் கூட்டிவந்தேன். மகள்தான் மொழிபெயர்ப்பு. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

சுவரில் எங்கள் கல்யாணப் படம் இருந்தது. ஒரு பக்கம் நானும் மனைவியும், மற்றப் பக்கம் என் தங்கையும் மனைவியின் அண்ணனும். மன்னாரில் ஒரே நாளில் நடந்த மாற்றுச் சம்பந்தம். மகள் அதை விளக்கியதும் அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அப்பா, இவற்ற அப்பப்பாவும் தங்கச்சியைக் குடுத்துத்தானாம் வைஃப் எடுத்தவர். தங்கச்சி இல்லாத ஆளுக்குப் பொம்பிளை கிடைக்கிறது கஷ்டமாம். பிறகு அரசாங்கம் நிப்பாட்டிப்போட்டுதாம். அப்ப நாங்கள் எல்லாம் சொந்தக்காரராம்."

நானும் சிரித்தேன். அவர் இன்னும் ஏதோ சொன்னார். மகள் தன் சொக்ஸைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"பொம்பிளை முந்தி ஒருத்தரோடயும் போகாமல் வந்தால், அவவின்ர அம்மாவுக்கு மாப்பிளை வீட்டார் பிரசன்ட் குடுப்பினமாம். இவற்ற அம்மா சொன்னவவாம். எங்கட ஆக்கள் என்ன செய்யிறவை எண்டு கேக்கிறார்."

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்கட ஆக்கள் அப்பிடி ஒண்டும் கேக்கிறேல்லை, நம்பிக்கைதான் எண்டு சொல்லு" என்றேன்.

மனைவி கரண்டியோடு குசினி வாசலில் நின்றாள்.

"ஏனப்பா பிள்ளையைக் கொண்டு பொய் சொல்லுவிக்கிறியள்? உங்கட தங்கச்சி டைப்பிங் கிளாசில ஒரு பெடியனோட கதைச்சவ எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். கோயிலுக்கு வெளிக்கிட முதல், மாதா சுருவத்தில கையை வைச்சுச் சத்தியம் பண்ணு எண்டு எங்கட அம்மா கேட்டவதானே. நீங்கள் படம் எடுக்கிறவனோட வெளியில நிண்டனீங்கள்."

"எனக்குத் தெரியாது."

"தெரியாதே?"

மகள் இருவரையும் பார்த்தாள். "அம்மா, உங்களையும் சத்தியம் பண்ணச் சொன்னவையோ?"

"இல்லை."

"அப்பாவை?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பாவை ஆர் கேக்கிறது?"

மகள் சிரிக்கவில்லை. இதில் ஒரு சொல்லையும் அவள் ஆங்கிலத்தில் மாற்றவுமில்லை. ஏதோ பிழையாகிவிட்டது என்று அந்த மனிதருக்கு விளங்கியிருக்க வேண்டும். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் போனதும் மகள் தொலைபேசியை என் கையில் தந்தாள். "மாமியோட கதையுங்கோ."

தங்கை கொழும்பில் இருந்தாள். சுகம் கேட்டாள், மழை என்றாள். மகள் பக்கத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் கேட்டேன்.

"தங்கச்சி, கலியாணத்தண்டு உன்னைச் சத்தியம் பண்ணச் சொன்னவையாமே?"



"அண்ணைக்குத் தெரியும் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான். தெரிஞ்சும் பேசாமல் நிண்டனீங்கள் எண்டு."

தெரியாது என்றேன். சத்தியமாகத் தெரியாது என்றேன்.

"ஓம், ஓம்" என்றாள், சின்ன வயதில் என் பொய்களுக்குச் சொன்ன அதே குரலில். பிறகு, மச்சாள் சுகமாக இருக்கிறாவோ என்று கேட்டாள்.