நாக்கைத் தூக்கு

நாரின் என்ற மலைப்பகுதியின் காசநோய் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கும் சைகலைக் கண்டால் நோயாளிகளுக்கெல்லாம் நடுக்கம்தான். மாத்திரையை விழுங்கியதும் வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்பாள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியரே வந்தாலும் தூக்கித்தான் காட்டவேண்டும். மாத்திரையை ஒளிக்கிறவர்களை அவளுக்குத் தெரியாதா என்ன?

அப்பேர்ப்பட்டவள் ஜோல்தோஷ் விஷயத்தில் கோட்டை விட்டாள். ஆடு மேய்ப்பவன், இருபத்தாறு வயது. சிகிச்சை தொடங்கிய இரண்டாம் மாதம், அவனுடைய தாய் பூபுசாரா சைகலை விருந்துக்கு அழைத்தாள். ஆட்டுக்கறி பரிமாறி, சொந்தபந்தம் பார்க்க அவள் தலையில் வெள்ளை முக்காட்டைக் கட்டி, இனி நீ என் மகள், இவன் உன் தம்பி என்றாள். சைகலின் சொந்தத் தம்பியை ஆற்று வெள்ளம் கொண்டுபோய் ஆறு வருடம். அழுதுவிட்டாள். கட்டிய முக்காட்டை அவிழ்த்துக் கொடுத்தால் அந்த வீட்டாரின் முகத்தில் அறைந்த மாதிரி. அவளுக்கும் அவிழ்க்க மனமில்லை, அதுதான் உண்மை.

மறுநாள் அவன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். நாக்கைத் தூக்கு என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. தம்பியைப் போய்த் திருடனைப்போலச் சோதிப்பதா? டீ கொடுத்து அனுப்பினாள். நான்கு மாதம் இப்படியே ஓடியது. பெரிய நர்ஸ்!

மேய்ச்சல் நிலத்தில் அவன் இரத்தம் கக்கினான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் இடையிடையே விட்டிருக்கிறான், பழைய மருந்து இனி கேட்காது, புதியது கேட்குமா என்பதும் சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்தார்.

பூபுசாரா மகனுடைய கம்பளித் தொப்பியோடு வார்டுக்கு வந்தாள். அதன் மடிப்பை அவன் கிடந்த கட்டில்மேல் உதறினாள். பாதி கரைந்து காய்ந்துபோன மாத்திரைகள் கொட்டின.

"ஊர்ல எல்லார் வாயையும் பாத்தியே, என் பிள்ளை வாயை மட்டும் ஏம்மா பாக்கல?"

சைகல் மாத்திரைகளைக் கையில் அள்ளினாள். ஜோல்தோஷ் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "குமட்டிக்கிட்டு வரும்க்கா. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா முழுங்கியிருப்பேன்."

நானே கொன்றுவிட்டேன், இரண்டாவது தம்பியையும் வாரிக் கொடுத்துவிட்டேன் என்று சைகலின் மனம் அரற்றியது. முக்காட்டை அவிழ்த்து மடித்துப் பூபுசாராவின் கையில் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டாள். சைகல் புது மாத்திரையை அவனுக்குக் கொடுத்து, தண்ணீரை நீட்டினாள்.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

அவன் தூக்கினான். நாக்குக்கு அடியில் மாத்திரை இல்லை. இரத்தம்தான் இருந்தது.