கிரேனுக்குக் காட்டிய கை

அவர் குரலுக்கு மட்டுமே அவள் கட்டுப்படுவாள் என்று அப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். நம்பக் காரணம் இருந்தது. ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில், இரைச்சலுக்கு நடுவிலேயே வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தவர் என் கணவர். குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அவர் சாப்பாட்டுக்கு நடுவே உப்புக் கேட்டால் அடுத்த வீட்டுப் பெண்மணி சுவரைத் தட்டி, "குடுத்துடுங்கம்மா" என்பார். ஓய்வு பெற்று, பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் கட்டிய சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை.

அவள் என்று நான் எழுதுவது எங்கள் நாயை. லாப்ரடார் தாய்க்கும் ஊர் பேர் தெரியாத தகப்பனுக்கும் பிறந்தவள். தேன் நிறம். ஒரு காது மட்டும் எப்போதும் மடிந்திருக்கும். 'அது' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. குட்டியாக அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் எங்கள் மகள். புனேவில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். நாய்களுக்குக் கீழ்ப்படிதல் போட்டி என்று ஒன்று நடப்பதையும், அதில் கலப்பினத்துக்கும் இடமுண்டு என்பதையும் அப்பாவிடம் சொன்னதும் மகள்தான்.

கேட்பதற்கு எளிய விளையாட்டு. கயிறு கட்டிய களத்துக்குள் நாய் தன் மனிதரின் இடது காலை ஒட்டி, வாரை இழுக்காமல் நடக்க வேண்டும். சொன்னதும் உட்கார வேண்டும், படுக்க வேண்டும். அவர் விலகிப் போய் நிற்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். கூப்பிட்டதும் நேரே வந்து அவர் எதிரில் உட்கார வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு முழு ஆண்டு உழைக்க வேண்டியிருந்தது. காலையில் எழுந்தால் போக ஒரு இடமும் செய்ய ஒரு வேலையும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதருக்கு அந்த உழைப்பு மருந்தாக இருந்தது.

ஏரிக்கரையை அடுத்த காலி மனையில் பயிற்சி நடக்கும். நான் சிறுபாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். காற்று ஏரியிலிருந்து அடிக்கிற நாட்களில் அவர் குரல் என் பக்கம் வராது. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கும்போதெல்லாம் ஒலியில்லாத காட்சி ஒன்று தெரியும்: அவர் நடக்கிறார், நிற்கிறார், அவருடைய வலது கை உயர்ந்து தாழ்கிறது, அவள் படுக்கிறாள். அதைப் பார்த்தேன் என்பது உண்மை. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் போட்டி பூந்தமல்லியைத் தாண்டி ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. அவரோடு அதே தொழிற்சாலையில் கிரேன் ஓட்டிய நண்பர் தம்முடைய சிறிய லோடு வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். பருத்திப்பட்டில் பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம் அவருடையது. இப்போதும் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் கீரை போடுகிறார்.

"பரீச்சைக்குப் போற புள்ளைக்கு வயித்துக்கு இன்னா குடுத்தீங்க அண்ணி?"

"தயிர் சாதம்."

"போச்சு. அங்க போயி நல்லா தூங்கப் போவுது."

"நீ வண்டியைப் பாத்து ஓட்டு" என்றார் என் கணவர். குமணன்சாவடி நெரிசலில் அத்தனை ஹார்ன் ஒலிக்கு மேலேயும் அந்தக் குரல் கேட்டது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

அவள் தூங்கவில்லை. ஒரு பிழையும் செய்யாமல் எல்லாவற்றையும் செய்தாள். ஆனாலும் மதிப்பெண் குறைந்திருந்தது. அகன்ற தொப்பி அணிந்த பெண்மணி ஒருவர் நடுவராக இருந்தார். அவர் என் கணவரைக் கூப்பிட்டு, "அழகா பண்றா சார். ஆனா நீங்க ஒவ்வொரு தடவையும் குரலும் குடுக்கறீங்க, கையும் காட்டறீங்க. ரெண்டுல ஒண்ணுதான் இருக்கணும்" என்றார்.

"கையா? நான் எங்கம்மா கை காட்டினேன்?"

நடுவர் சிரித்துவிட்டு அடுத்த நாயிடம் போய்விட்டார். திரும்பும் வழியெல்லாம் என் கணவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லும்போது அவர் கை வண்டிக்குள் மேலும் கீழும் போய்வந்தது.

மறுநாளிலிருந்து இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுற்றிக்கொண்டு போய் முதுகைப் பார்த்தாள். படு என்றால் நின்றாள், வா என்றால் உட்கார்ந்தாள். போனில் பார்த்துக்கொண்டிருந்த மகள், "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்கப்பா. திமிரு ஏறிடுச்சு" என்றாள். சத்தம் போதவில்லை என்று அவர் முடிவு செய்தார். குரலை ஏற்றினார். ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்கு வருகிற ஒருவர் என்னிடம் நின்று, "அம்மா, ஏரியில ஒரு கொக்கு பாக்கி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த போட்டியில் களத்தின் நடுவே அவள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அவர் கத்தினார். அவள் கொட்டாவி விட்டாள். பயந்த நாய் கொட்டாவி விடும் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சில வாரங்களில் அவருக்குத் தொண்டை கட்டியது. நாயிடம் கத்திக் கத்தி வந்தது என்றுதான் நினைத்தோம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார். மிளகுப் பால் குடித்தார். குரல் தெளியவில்லை. மருத்துவமனைக்குப் போனபோது, குரல்வளையில் கட்டி என்றும் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். அட்மிட் ஆகக் கிளம்பிய காலையில் கேட்டருகே குனிந்து, கரகரத்த குரலில் "இரு" என்றார். அவர் தம் சொந்தக் குரலில் அவளிடம் சொன்ன கடைசிச் சொல் அது.

திரும்பி வந்தபோது அவர் கழுத்தின் அடியில் மூச்சுவிட ஒரு துளை இருந்தது. அதன்மேல் மெல்லிய துணி கட்டியிருந்தார்கள். கழுத்தில் அழுத்திப் பேச ஒரு கருவியும் கொடுத்திருந்தார்கள். பழகினால் நன்றாகப் பேச வரும், பலர் பேசுகிறார்கள் என்றார்கள். ஒரு நாள் அவர் அதை வைத்து அவள் பெயரைச் சொன்னார். இயந்திரம் முனகுவது போன்ற அந்த ஒலியைக் கேட்டதும் அவள் வாலை ஒடுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அவர் கருவியை அணைத்தார். பீரோவில் துணிகளுக்குக் கீழே வைத்தார். பிறகு எழுதிக் காட்ட வைத்திருந்த பலகையில், 'அவளுக்கு என்னை அடையாளம் தெரியல' என்று எழுதினார்.

வைத்தியமும் வலியும் அவரை அவ்வளவாக அசைக்கவில்லை. இது அசைத்தது. பயிற்சிக்குப் போவதை விட்டார். அவள் இருக்கும் அறைக்குள்கூட வர யோசித்தார். நான்தான் அவளை நடத்திக்கொண்டு போனேன். மரியாதையுள்ள உறவுக்காரியைப் போல என்னோடு வந்தாள். காலி மனை வந்ததும் நின்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நண்பர் கீரைக்கட்டுகளோடு வந்தார். அவரைப் பார்க்க என் கணவர் வராந்தாவுக்கு வந்தார். நான் கதவருகே நின்றிருந்தேன். நண்பருக்குப் பின்னால் அவள், கீரையை முகர்ந்தபடி.

"இன்னா அண்ணாத்தே, எளச்சிட்டே. அண்ணி சோறு போடறாங்களா இல்லியா?"

என் கணவர் புன்னகைத்தார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மெதுவாக இரண்டு முறை தாழ்த்தி, உட்காரச் சொன்னார். நண்பர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் அவள் முன்கால்களை நீட்டிப் படுத்தாள்.

நண்பர் திரும்பிப் பார்த்தார். "நீ ஏம்மா படுத்துகினே? அவரு என்னத்தான சொன்னாரு?"

யாரும் சிரிக்கவில்லை. நான், "இன்னொரு தரம் காட்டுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு விரலால் தொடையைத் தட்டினார், அவள் எழுந்தாள். உள்ளங்கையைத் தாழ்த்தினார்; படுத்தாள். உள்ளங்கையை அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டிவிட்டுப் பின்னாலேயே நடந்து கேட் வரை போனார். அவள் அசையவில்லை. வால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கைகளையும் மார்பை நோக்கி இழுத்தார். அவள் எழுந்து, ஓடி, அவர் பாதங்களுக்கு முன்னால் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"அடப்பாவி!" என்றார் நண்பர். "நாயின்னு பாத்தா கிரேன் டிரைவரா இருந்துகீதே அண்ணி! இறக்கு, நிறுத்து, இந்தாண்ட கொண்டா... எனக்குக் காட்ன அதே கை! எத்தினி வருசம் மேல குந்திகினு இந்தக் கையையே பாத்துகினு கெடந்தேன்!"

அந்தத் தொழிற்சாலைக்குள் குடும்பத்தாரை விடமாட்டார்கள். என் கணவர் என்ன வேலை பார்த்தார் என்பதைப் பெயரளவில்தான் அறிவேன். மற்றது அன்று நண்பர் சொல்லித்தான் தெரிந்தது: உள்ளே கூரையை ஒட்டி ஓடும் கிரேனில் அவர் இருப்பார். கீழே நின்று, டன் கணக்கில் எடையுள்ள இரும்பை எங்கே இறக்குவது என்று இவர் கையால் காட்டுவார். அந்த இரைச்சலில் எந்தக் குரலும் மேலே போகாது. கையில் ஒரு தவறு நேர்ந்தால் கீழே நிற்கிறவன் உயிர் போய்விடும். அப்படிப் பழகிய கை, வாய் பேசும்போதெல்லாம் தானும் பேசியிருக்கிறது, அவருக்கே தெரியாது. மணமான புதிதில், நான் சோறு போடும்போது என் முகத்துக்கு நேரே உள்ளங்கையை விரித்து நிறுத்துவார். அதை அவர் பிறந்த ஊரின் முரட்டுத்தனம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவளோ முதல் நாளிலிருந்தே அந்தக் கையைத்தான் கேட்டிருக்கிறாள். குரலை, நம்மைப் போலவே, சகித்துக்கொண்டிருந்தாள்.

அவர் முகம் கழுவ உள்ளே போனார். குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நண்பர் அவளுடைய மடிந்த காதைத் தூக்கிப் பார்த்து, "இதெல்லாம் சும்மா ஷோவுக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த போட்டிக்கு மகள் விடுப்பில் வந்தாள். கல்லூரி மைதானமும் மாறவில்லை, தொப்பி அணிந்த நடுவரும் மாறவில்லை. களத்தின் உதவியாளர் ஒருவர், "சார், கமாண்ட் குடுங்க" என்றார். என் கணவர் கழுத்துத் துணியைத் தொட்டுக் காட்டினார். நடுவர் உதவியாளரைப் பார்த்துத் தலையசைத்தார்.

கூட நடந்தாள். உட்கார்ந்தாள். படுத்தாள். கடைசியாக, அவளை இருக்க வைத்துவிட்டு அவர் களத்தின் மறுமுனைக்கு நடந்து போய்த் திரும்பி நின்றார். அப்போது ஒரு காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்தது. அவர் அவசரமாக இரண்டு கைகளாலும் கழுத்துத் துணியைப் பொத்திக்கொண்டார். கைகளை மார்பை நோக்கிக் கொண்டுபோனால் 'வா' என்று பொருள். அவள் வந்துவிட்டால் தோல்வி.

அவள் எழவில்லை. தலையைச் சற்றே சாய்த்து, அது தனக்கில்லை என்று தெரிந்தவளைப் போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூசி அடங்கியது. அவர் மூச்சு சீராகும்வரை நின்றார். பிறகு கைகளை நன்றாக முன்னால் நீட்டி, மெதுவாக இழுத்தார். அவள் வந்தாள். உட்கார்ந்தது சற்றுக் கோணல்.

பரிசு இல்லை, தேறியவர்களுக்கான ரிப்பன் கிடைத்தது. அதைக் கொடுத்துவிட்டு நடுவர், "இப்ப சரியா இருக்கு சார். கை மட்டும்தான்" என்றார். என் கணவர் ரிப்பனைப் பார்க்கவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்ற நண்பரைத் தேடி, ஒரு உள்ளங்கையை மற்றதன்மேல் துடைப்பதுபோல் தேய்த்துக் காட்டினார். எங்களுக்குப் புரியவில்லை.

"எறங்கிச்சு அண்ணாத்தே! பத்திரமா எறங்கிச்சு!" என்று நண்பர் கத்தினார். மகள் அழுதாள்.

அதன்பின் இன்னும் சில போட்டிகளுக்குப் போனோம். வயதாக ஆக அவளுக்கு இடுப்பு தளர்ந்தது, நிறுத்திக்கொண்டோம். கடைசி ஆண்டில் காது அறவே கேட்காமல் போயிற்று. கால்நடை மருத்துவர் வருத்தத்தோடு அதைச் சொன்னார். எங்கள் வீட்டில் அது ஒரு குறையாகத் தெரியவே இல்லை. நானும் மகளும்கூட அதற்குள் கையால் பேசப் பழகியிருந்தோம். காப்பி போதும், மழை வருகிறது, கேட்டைச் சாத்து, எல்லாவற்றுக்கும் கை இருந்தது.

சென்ற மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலையில் அவள் எழவில்லை. "நம்ம நெலத்துல ஓரமா வெச்சிக்கலாம் அண்ணி" என்று நண்பர் சொன்னார். கீரைப் பாத்திக்கு அப்பால் குழி தோண்டியதும் அவரே. என் பழைய பருத்திப் புடவையில் சுற்றி, நண்பரும் புனேவிலிருந்து வந்திருந்த மகளும் இரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். என் கணவர் குழியின் தலைமாட்டில் நின்று, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மிக மெதுவாகத் தாழ்த்தினார். நண்பர் அந்தக் கையை மட்டுமே பார்த்தபடி இறக்கினார். ஓரிடத்தில் கை நின்றது, நிறுத்தினார்கள். புடவையின் மடிப்பு ஒன்று வேரில் சிக்கியிருந்தது. நான் குனிந்து எடுத்துவிட்டேன். கை மறுபடியும் தாழ்ந்தது. பிறகு அவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்தார்.

நண்பர் மண்வெட்டியை எடுத்து மண்ணைத் தள்ளினார்.

மகள் புனேவுக்குத் திரும்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர் கீரை கொண்டுவருகிறார். மற்ற நாட்களில் வீட்டில் என் கணவரும் நானும் மட்டும் இருக்கிறோம்.