வீடு வீடாகப் போய் அக்கா கேட்டது

அக்காவின் இந்த நினைவு மலருக்காக ஓராண்டாக எழுத முயன்றேன். கிழமைகளும் மாதங்களும்தான் வந்தன. அவற்றையே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

அக்கா பிறந்தது திருவாலங்காட்டில், ஓர் ஆவணி வெள்ளிக்கிழமை. நைனா சர்க்கரை ஆலையில் தினக்கூலி. அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஏழு. வளர்ந்ததும், தினமும் எனக்குச் சமைத்துவைத்துவிட்டு ரயிலேறிச் சென்னைக்குப் போய்ச் சமூகப்பணி படித்தார். பின்பு திருத்தணிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அதையே கற்பித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

மாணவர்களைக் குடும்பமாக நடிக்கவைத்துக் கற்பிக்கும் முறையை அங்கே கொண்டுவந்தவர் அவர். ஒருவர் குடிகாரக் கணவர், ஒருவர் மனைவி, ஒருவர் உதவ வந்தவர். வெளியூர்க் கல்லூரிகளிலிருந்தும் வந்து பார்த்தார்கள். ஆனால் அதனால் யாருக்குப் பயன் என்பது மதிப்பெண்ணில் தெரியாது என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது, ஒரு பிரிவுக்குப் பாடமாகவும் மறு பிரிவுக்கு நடிப்பாகவும் கற்பித்தார். பிறகு, அவர்கள் களப்பணிக்குச் சென்ற வீடுகளுக்குத் தாமே போனார். குறித்துக்கொள்ள என்னை அழைத்துப்போனார்.

பல வீடுகளில் நல்லபடியாகவே சொன்னார்கள். அரக்கோணத்தில், மகனை இழந்த ஒரு மெக்கானிக்கின் மனைவி மட்டும் சற்று யோசித்தார்.

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் தலையாட்டிகினு இருந்துச்சுங்க. நான் எப்ப அழுவேன், எப்ப கையப் புடிக்கலாம்னு பாத்துகினே இருந்தா மாதிரி இருந்துச்சு. புடிச்சா. கரெக்டா புடிச்சா."

அந்த மாணவி, நடிப்புப் பிரிவில் முதலிடம் பெற்றவர்.

ஒரு வீட்டுப் பேச்சுதானே, விட்டுவிடலாமே என்றேன் திரும்பும் ரயிலில்.

"எழுதுடா. அவங்க சொன்ன மாதிரியே எழுது" என்றார்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் அதை வைத்தார். அடுத்த பருவத்தில் நடிப்பை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போய், எதுவும் சொல்லாமல் கேட்டுவிட்டு வரும்படி மாணவர்களை அனுப்பினார். "உங்க கடைய நீங்களே மூடிட்டீங்களே மேடம்" என்று சக ஆசிரியர் ஒருவர் சிரித்தாராம். இந்த மூன்றாவது கற்பித்தல் முறையைச் சோதித்துப் பார்க்க அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. தை மாதம் நோய் தெரிந்தது. பங்குனியில் ஒரு புதன்கிழமை, காலை ஆறு பத்துக்கு முடிந்தது.

காரியம் முடிந்த மறுநாள் பழைய மாணவி ஒருவர் வந்தார். பதினொன்றரையிலிருந்து மூன்று மணிவரை என்னோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவர் போன பிறகு நான் சாப்பிட்டேன்.

இரத்தம் கொடுத்த அரக்கோணம் நண்பர்களுக்கும், மருத்துவமனைக்கு முறைபோட்டு வந்த உறவினர்களுக்கும், பதினாறு நாளும் சாப்பாடு அனுப்பிய எதிர்வீட்டாருக்கும் நன்றி. மறுநாள் வந்து உட்கார்ந்திருந்த அந்தப் பழைய மாணவிக்கும் நன்றி. எந்த ஆண்டு, எந்த முறையில் படித்தவர் என்று கேட்க மறந்துவிட்டேன். இதைப் படித்தால் தெரிவிக்கவும். அக்காவின் அறிக்கையில் சேர்க்க வேண்டும்.