மகளுக்கு வயது குறைக்கக் கேட்பவள்

ஆவுடையம்மாள் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, என் கொழுந்தன் மகன் ராமருக்குப் பெண் தேடின சமயம். களக்காட்டுப் பக்கம் போய்வந்த தரகர், "பொண்ணு கருப்பு, ஆனா கை ஓயாது" என்றார். கருப்பு என்றது பொய், மாநிறம்தான். கை ஓயாது என்றது நிஜம். கல்யாணமாகி கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரிக்கு வந்த மறுவாரமே கொச்சங்காடித் தெருவில் சுக்கு அடுக்குகிற கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

சுக்கைக் கொட்டிப் பரப்பி, பூச்சி அரித்தது, ஒடிந்தது, முழுசு என்று பிரிக்கிற வேலை. சுக்கில் பூசின சுண்ணாம்புத் தூள் முழங்கை வரை ஏறிவிடும். அந்தக் கையைக் கழுவாமலே சாயா குடிப்பாள். கேட்டால், "வயித்துக்குச் சுக்கு நல்லதுதானே பெரியத்தை" என்பாள். கூட வேலை செய்கிற பெண்களோடு சண்டை போடுவது மலையாளத்தில், வைவது மட்டும் தமிழில். அவர்கள் அர்த்தம் கேட்டால் சொல்லமாட்டாள். எழுத்துக் கூட்டத் தெரியாது, எண் தெரியும்.

எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டுவிட்டால் அவளுக்கு ஒரே பதில்தான். "பிள்ளை ஒண்ணுதான். ரெண்டு தடவ பெத்தேன்." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வராது.

மூத்தது களக்காட்டில் பிறந்தது. இசக்கிசெல்வி என்று பெயர். நடை பழகுமுன் காய்ச்சலில் போய்விட்டது. வாய்க்கால் கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள். எங்கள் சனத்தில் பிறந்ததை ஆபீசில் எழுதுவார்கள். பால்குடிப் பிள்ளை போனதை எழுத யாரும் போனதில்லை. மூத்தது பிறந்து மூன்று வருஷம் கழித்து மட்டாஞ்சேரியில், வண்டி வருமுன் வீட்டிலேயே அடுத்த பெண் பிறந்தது. தொப்புள்கொடி அறுத்தது நான். இசக்கியம்மன் எடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டாள் என்று ஆவுடையம்மாள் அதே பெயரை வைத்தாள். பெயர் ஒன்று, தாய் தகப்பன் ஒன்று, பேப்பர் மட்டும் எதற்கு இரண்டு என்று ராமர் மூத்தவளின் பிறப்புச் சீட்டையே பள்ளிக்கூடத்துக்கும் ஆதாருக்கும் கொடுத்தான். நடந்தது நடந்தபடியே கிடந்தது. பிந்திச் சேர்ந்த பிள்ளை என்று டீச்சர்மார் அவளைக் கடைசி பெஞ்சில் வைத்தார்கள். அங்கிருந்து அவளுக்குப் போர்டு தெரியாது.

இந்த வருஷம் பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் எல்லாம் ஒரு போன் ஆப்புக்கு அலைந்தன. முகம் தெரியாதவர்களோடு முகம் பார்த்துப் பேசுகிற இடம். சின்னப் பிள்ளைகளை விடக்கூடாது என்று அரசாங்கம் நெருக்குவதால் அதில் ஆதார் கார்டு போட்டால்தான் கதவு திறக்குமாம். மற்றப் பிள்ளைகளை விடவில்லை. இசக்கிசெல்வியை விட்டது. கார்டுப்படி அவளுக்குப் பதினெட்டு, நிஜத்தில் பதினைந்து.

அந்தக் கதவைத் திறந்து கொடுத்ததே ஆவுடையம்மாள்தான். கார்டைச் சரிபார்க்க அனுப்புகிற ரகசிய நம்பர் அவள் போனுக்குத்தான் வரும். கிட்டங்கியில் சுக்குக் குவியல் நடுவே நின்றுகொண்டு, வந்த நம்பரை ஒவ்வொன்றாக மகளுக்குப் படித்துக் காட்டினாள். அரசாங்க கார்டு கேட்கிற இடம் நல்ல இடமாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னாள்.

உள்ளே ஒருத்தன் அண்ணன் போலப் பேசியிருக்கிறான். பிள்ளை பேசினது, சிரித்தது, வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுதது எல்லாவற்றையும் வீடியோவாகப் பிடித்து வைத்திருக்கிறான். இப்போது நேரில் வா என்கிறான். வராவிட்டால் ஸ்கூல் முழுக்க அனுப்புவேன் என்கிறான். பிள்ளை ஸ்கூலுக்குப் போவதை நிறுத்திவிட்டது. போனைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

போட்டில் ஏறி எறணாகுளத்தில் புகார் ஆபீசுக்குப் போனோம். அங்கே அஞ்சு என்று ஒரு பெண். நல்ல பெண், குடிக்கத் தண்ணீர் தந்தாள். ஆப் கம்பெனி ஒழுங்காக வயது பார்க்கிறதா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலையாம். "சேச்சி, அவர் வயசு சோதிச்சு. கார்டில் பதினெட்டு கழிஞ்ஞு. அவருடெ பாகத்து தெற்றில்லல்லோ" என்றாள். கார்டில் பதினெட்டு முடிந்திருக்கிறது, கம்பெனி மேல் தப்பில்லையாம். குழந்தை என்றால் இன்றைக்கே எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி ஆளையும் தேடலாம், பெரியவள் என்றால் வரிசையில் நிற்கவேண்டும் என்று விளக்கினாள். எலும்பைப் படம் பிடித்துப் பார்த்தாலும் ஒன்றிரண்டு வருஷம் முன்பின் வருமாம். கொடி அறுத்தவள் நான் சொன்னாலும் போதாதாம்.

ஆவுடையம்மாள் வயதைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்டாள். பக்கத்து மேஜைக்காரன் சிரித்துவிட்டான். "எல்லாரும் பென்ஷனுக்குக் கூட்டிக் கேப்பாக. நான் மூணு வருசம் குறச்சுக் கேக்கேன். என்னத்துக்குச் சிரிக்கிய?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரே வழிதான் இருக்கிறது என்றாள் அஞ்சு. மூத்தவள் செத்துப்போனதை ஊரில் பதிந்து பேப்பர் வாங்கவேண்டும். அப்புறம் இளையவளைப் புதிதாகப் பதியவேண்டும். பிள்ளைக்கு அப்போதுதான் பிள்ளை வயது வரும்.

போட்டில் திரும்பி வந்து ஆவுடையம்மாள் மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்கி, கல்லில் உட்கார்ந்து, "உசிரோட இருக்க பிள்ள பேர்ல சாவு எழுதச் சொல்லுதாவ பெரியத்தை" என்றாள். அந்த வாரமே அவளும் ராமரும் ஊருக்கு ரயில் ஏறினார்கள். மகள் கூட வருகிறேன் என்றதற்குச் சம்மதிக்கவில்லை. அங்கே செத்தவர் பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள், அது அவள் காதில் விழவேண்டாம் என்று என் வீட்டில் விட்டுப் போனாள்.

வேலைக்காக ராமர் முந்தித் திரும்பிவிட்டான். அவன் சொன்னதுதான் இது. தாசில்தார் ஆபீஸ் வராந்தாவில் அவள் வரிசையில் நிற்கிறாளாம். இங்கே இருந்து பிள்ளை பயந்துபோய் போன் போடும். அந்தப் பேரில் சாவு எழுதுகிற ஆபீஸ் கூரைக்குக் கீழே மகளோடு பேசமாட்டாள். மணி அடித்ததும் வரிசையை விட்டு ஓடி, கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் "சொல்லு தாயி" என்பாள். பேசிவிட்டு வந்தால் இடம் போயிருக்கும். மறுபடியும் கடைசியில் போய் நிற்பாள். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறாள்.