உச்சிப்புளிக்கு அப்பால் ஒன்பது நிமிடங்கள்

ஆனி மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, ராமநாதபுரத்தில் தம்பி வீட்டு வாசலிலிருந்து கார் கிளம்பியது. கிலோமீட்டர் காட்டி 1,84,312இல் நின்றது. பகல் பன்னிரண்டு மணிக்குள் ராமேசுவரத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜரிடம் அந்தக் காரைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் ஆடி அமாவாசை தொடங்கி ஆண்டு முழுவதும் அந்த லாட்ஜில் தங்குகிற யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கும் மற்ற தீர்த்தங்களுக்கும் ஏற்றிப்போகும் வேலை தம்பிக்கு. பன்னிரண்டு தாண்டினால், அதே வேலைக்காகக் காத்திருந்த ஒரு பரமக்குடிக்காரருக்கு. மேனேஜர் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்.

தம்பி பதினாறு வருடம் அடுத்தவர் வண்டிகளை ஓட்டியவன். பத்து வருடம் ஓடித் தேய்ந்த இந்த டீசல் கார் அவன் பெயருக்கு மாறி அன்றைக்கு நாற்பதாவது நாள். அந்த லாட்ஜ் வேலை கிடைக்காவிட்டால் காரை விற்றுவிட்டு மறுபடி இன்னொருவர் சாவிக்குக் கை நீட்ட வேண்டும். இது எனக்கும் தெரியும், பின் இருக்கையில் எலுமிச்சம்பழமும் மாலையுமாக உட்கார்ந்திருந்த அவன் மனைவிக்கும் தெரியும்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கார் வந்த மறுநாளே அதன் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்து, தேவையானதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வைத்தேன். டயர் காற்று முன்னும் பின்னும் 33, ஆள் நிறைய ஏறினால் பின்னால் 38. எஞ்சின் ஆயில் ஐந்து டபிள்யூ முப்பது. குளிர்விக்கும் நீர் மொத்தம் ஐந்தரை லிட்டர். அதில் பாதி கூலன்ட், பாதி உப்பில்லாத சுத்த நீர். பழைய மாலுமிகளின் பயணக் குறிப்பேடுகள் எதைக் கண்டாலும் விடாமல் படிக்கிறவன் நான். காற்றின் திசையையும் நீரின் ஆழத்தையும் மணிக்கணக்கோடு எழுதி வைத்த அந்த மனிதர்கள்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. லாட்ஜில் வண்டியின் காகிதங்களைக் காட்ட வேண்டும் என்பதாலும், அவற்றை அடுக்கி வைத்திருந்தவன் நான் என்பதாலும்தான் அன்று என்னைக் கூட்டிப்போனான்.

கிளம்புவதற்கு முன் பானட்டைத் திறந்து பார்த்தான். கூலன்ட் டப்பாவில் நீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. மூன்று வாரமாகவே இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் மனைவி முற்றத்துப் போர்வெல் குழாயில் ஒரு சொம்பு பிடித்து வந்து ஊற்றினாள்.

"ஏலே, அது உப்புத் தண்ணி. நல்ல தண்ணி ஊத்தச் சொல்லி நோட்டுல எழுதியிருக்கேன்ல" என்றேன் தம்பியிடம்.

"மனுசன் குடிக்கவே நல்ல தண்ணிக்கு லாரி வரணும். வண்டிக்கு என்ன நாக்கா இருக்கு, கரிக்குதுன்னு துப்ப?" என்றான் தம்பி.

எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாரும் இப்படித்தான். குடத்துத் தண்ணீரில் கை கழுவினால்கூட ஏச்சு விழும். அதைத் தூக்கி இரும்புக்கு ஊற்றுவதை யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூன்று வாரமும் அந்த ரேடியேட்டர் போர்த் தண்ணீரையே குடித்திருந்தது.

பட்டணங்காத்தான் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடித்தோம். காற்றடிப்பவர் கேட்காமலே 35 வைத்தார். 33தான் சரி என்றேன். எல்லா வண்டிக்கும் இதுதான் என்றார் அவர். கையேட்டின் எத்தனையாவது பக்கம் என்பதையும் நான் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

தம்பி சிரித்துக்கொண்டே அவர்களைப் பார்த்துச் சொன்னான்: "எங்கண்ணே வண்டி ஓட்டமாட்டாக. படிப்பாக. லைசென்சு எடுக்கப் போயி எட்டுப் போடச் சொன்னதுக்கு, எட்டுக்கு என்ன அளவுன்னு இன்ஸ்பெக்டர்ட்ட கேட்டுட்டு வந்தவுக."

சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

"வீட்டுலயும் இப்படித்தான். சோறு வெந்த நேரம், கதவு சாத்துன நேரம்னு குறிச்சுக் குறிச்சுத்தான் எங்க மதினி பொறந்த வீட்டுக்குப் போயிருச்சு."

என் மனைவி திருவாடானைக்குப் போய் அப்போது பதினொரு மாதம் ஆகியிருந்தது. ஆட்டோக்காரர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். பின் இருக்கையில் தம்பி மனைவி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

அந்தக் காரில் சூடு காட்டும் சிறிய முள் மீட்டரின் இடது ஓரத்தில் இருந்தது. தம்பி செல்போனை மாட்டிவைக்கும் பிடியை அதற்கு நேர் முன்னால் கவ்வவிட்டிருந்தான். ஓட்டுகிறவன் கண்ணுக்கு முள் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தால் பக்கவாட்டில் தெரியும். அந்தப் பிடியை மாற்றி வை என்று முன்பே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். இரண்டும் நோட்டில் இருக்கின்றன.

உச்சிப்புளி தாண்டியதும் பின்னாலிருந்து காற்று தள்ளியது. வண்டி போகிற திசையிலேயே காற்றும் போனால் ரேடியேட்டருக்குக் குளிர்ச்சி போதாது. போதாததற்கு, மேனேஜர் ஏறிப் பார்ப்பாரே, ஏசி சரியாக இருக்கிறதா என்று தம்பி அதை முழு வேகத்தில் போட்டிருந்தான். பத்து மணி நாற்பத்திரண்டுக்கு முள் பாதியைத் தாண்டியது. நாற்பது நாளில் அது பாதியைத் தாண்டி நான் பார்த்ததில்லை. நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்தேன்.

சொல்லக்கூடாது என்று நான் தீர்மானிக்கவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான். புகை கிளம்பட்டும், வழியில் நிற்கட்டும், கால்மணி நேரம் பதறட்டும், அண்ணன் அன்றைக்கே சொன்னாரே என்று அவன் மனைவி முன்னால் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். முள் ஏறினால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும், தவறினால் எஞ்சினின் தலைப்பகுதி வளைந்துவிடும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அதை என் கையால் படியெடுத்திருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பத்து நாற்பத்தேழுக்கு முள் முக்காலில் நின்றது. அப்போதுதான் தம்பி சாலையைப் பார்த்தபடியே பேசினான்.

"அண்ணே, பங்க்குல பேசுனத மனசுல வச்சுக்காத. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. இந்த வேலை மட்டும் அமையட்டும், மொத சவாரி திருவாடானைக்குத்தான். நானே போயி மதினி கால்ல விழுந்து கூட்டியாரேன்."

"பாத்து ஓட்டு" என்றேன்.

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டுவிட்டான் என்றுகூட எனக்குப் படவில்லை. இவ்வளவு லேசாகக் கேட்டு முடித்துவிட்டானே என்றுதான் இருந்தது. அவன் செல்போனில் மேனேஜரைக் கூப்பிட்டு, "சார், மண்டபத்தை நெருங்கிட்டோம், பதினொன்றரைக்கு உங்க வாசல்ல நிக்கிறேன்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பத்து ஐம்பத்தொன்றுக்கு முள் சிவப்பைத் தொட்டது. அதையும் எழுதிவிட்டு, "முள்ளைப் பாரு" என்றேன். அவன் பிடியை விலக்கிப் பார்ப்பதற்குள் முன்னால் சத்தம் கேட்டது. பானட்டின் விளிம்பெல்லாம் ஆவி சீறியது. எஞ்சின் இருமிவிட்டுத் தானாகவே நின்றது.

இருபுறமும் சீமைக்கருவேலம். கொஞ்ச தூரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டின் பலகை தெரிந்தது. தம்பி ஓடிப்போய், பன்னிரண்டுக்குள் ராமேசுவரம் போக வேண்டும் என்று சொல்லி ஆளைக் கூட்டிவந்தான். நாற்பது வயதிருக்கும் அந்த மெக்கானிக் சூடு தணியும்வரை பீடி குடித்தார். பிறகு ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். மூடியின் அடியிலும் வாயிலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"என்னண்ணே இது, ரேடியேட்டரா, உப்பளமா? வழிச்சு எடுத்தா ஒரு கல்யாண வீட்டுக்குச் சமைக்கலாம் போல."

"போர்த் தண்ணிதான்" என்றாள் தம்பி மனைவி. "நல்ல தண்ணியையா ஊத்துவாக?"

"நீங்க குடிக்க மாட்டீங்க, வண்டி மட்டும் குடிக்கணும். நல்ல நியாயம்தாம்மா." கீழே குனிந்து ரப்பர் ஹோஸைத் தொட்டுக் காட்டினார். அது மாட்டியிருந்த இரும்பு வாயை உப்பு அரித்திருந்தது, ஹோஸ் அங்கேதான் பிய்ந்திருந்தது. பிறகு ஆயில் குச்சியை உருவினார். நுனியில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. பீடியைத் தூக்கி எறிந்தார்.

"ஹெட் போச்சுண்ணே. ஆயில்ல தண்ணி எறங்கிருச்சு. மதுரைக்குப் போயி லேத்துல குடுத்துத்தான் பாக்கணும். எம்புட்டு நேரமா முள்ளு ஏறிக் கெடந்துச்சு?"

"தெரியலையே. நான் பாக்கலண்ணே."

"எங்கிட்டுப் பாக்க? அதான் போன வச்சு மறைச்சிருக்கீங்களே. ஏறுன ஒடனே நிப்பாட்டியிருந்தா ஹோஸ வெட்டி மாட்டி, நல்ல தண்ணி ஊத்தி, ஏசி போடாம மெல்லப் போங்கன்னு அனுப்பிருப்பேன். பன்னெண்டுக்குப் போயிருக்கலாம்." என் பக்கம் திரும்பினார். "சார் முன்னாலதான இருந்தீங்க? பாக்கலையா?"

"கவனிக்கலை" என்றேன்.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு மேனேஜர் கூப்பிட்டார். தம்பி ஸ்பீக்கரில் போட்டு, வண்டி வழியில் நின்றுவிட்டதைச் சொன்னான். பரமக்குடி வண்டி வந்து நிற்கிறதாம். வெள்ளையாக, துடைத்து வைத்த மாதிரி இருக்கிறதாம். "முதல் நாளே வழியில நிக்கிற வண்டிய நம்பி நான் காசியிலேர்ந்து வர்றவங்கள எப்படிங்க ஏத்தறது?" என்றார். தம்பி, "சார், சார்" என்று இரண்டு தடவை சொன்னான். அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

மெக்கானிக் எதுவும் நடக்காதது போல, "பழைய ஆயில எறக்கணும். என்ன ஆயிலுண்ணே ஊத்தியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"எங்கண்ணே நோட்டுல இருக்கும். எல்லாம் சுத்தமா எழுதி வச்சிருக்காக" என்றான் தம்பி. நாற்பது நாளில் முதல்முறையாக அந்த நோட்டைக் கேலியில்லாமல் சொன்னான். நான் அவசரமாக, "ஐந்து டபிள்யூ முப்பது" என்றேன். அதற்குள் அவன் இருக்கையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டான். இடையில் பென்சில் இருந்ததால் அது கடைசிப் பக்கத்தில்தான் திறந்தது.

மெதுவாகப் படிக்கிறவன் அவன். உதட்டசைவில் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரிந்தது. 10.42, முள் பாதியைத் தாண்டியது. 10.47, முக்கால். 10.51, சிவப்பு. நடுவில் தான் மன்னிப்புக் கேட்டதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடினான் போலும், பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். அதை நான் எழுதியிருக்கவில்லை.

அவன் மனைவி எட்டிப் படித்துவிட்டு, "பெரியத்தான் வழியெல்லாம் எழுதிக்கிட்டே வந்தாக. கணக்குப் போடுறாகன்னுல்ல நெனச்சேன்" என்றாள். குரல் உயரவேயில்லை.

தம்பி நோட்டை மூடி என்னிடம் நீட்டினான்.

"எத்தன மணிக்குச் சொல்லலாம்னு இருந்த?"

நோட்டை வாங்கிப் பென்சிலை உள்ளே செருகினேன்.

"ஷெட்டுக்குக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் முன்னால் நடந்தார். தம்பி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். "எறங்கித் தள்ளு" என்றான். நான் ஏற்கெனவே கீழேதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஷெட்டுக்கு ஏழு மின்கம்பத் தூரம். பின்கண்ணாடிக்குக் கீழே இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளினேன். தார் இளகியிருந்தது. முதல் கம்பம்வரை வண்டி இலகுவாக உருண்டது. இரண்டாவது கம்பத்தருகில் திடீரென்று கனத்தது. மேடில்லை, டயரில் காற்றும் குறைவில்லை. மூச்சு வாங்கத் தலையைக் குனிந்தபோது, என் முகத்துக்கு இருபுறமும் பின்விளக்குகள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. பிரேக்கை மிதித்தால் மட்டுமே எரிகிற விளக்குகள் அவை.

முழுதாக மிதித்திருக்கவில்லை. வண்டி நகரும்படியும், ஒவ்வொரு அடிக்கும் என் தோள் இற்றுவிடும்படியும் அளவாக மிதித்திருந்தான். பதினாறு வருடம் ஓட்டிய கால் அது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்ததைப் பார்த்த பிறகும் விளக்குகள் அணையவில்லை.

தம்பி மனைவி மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு சாலையோரமாக நடந்துவந்தாள். விளக்குகளை அவளும் பார்த்தாள்.

"தள்ளுங்க பெரியத்தான்" என்றாள். "மணியக் குறிச்சுக்கிட்டே தள்ளுங்க."

காலை எடு என்று நான் அவனிடம் சொல்லவில்லை. ஏழாவது கம்பம்வரை தள்ளினேன். ஷெட் வாசலில் வண்டியை உள்ளே திருப்பும்போதுதான் அவன் காலை எடுத்தான். திடீரென்று பாரம் விட்டதும் நான் முன்னால் சாய்ந்து விழுந்தேன். முழங்கை தார்ச்சாலையில் சிராய்ந்தது. அவன் இறங்கி வந்து, என்னைத் தாண்டி நடந்துபோய், பிய்ந்த ஹோஸை எப்படிக் கழற்றுவது என்று மெக்கானிக்கோடு பேசத் தொடங்கினான்.