தனித் தட்டும் ஒரே பிளேடும்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தேவபிரசாதத்துக்குத் தெரியாதது உலகில் இல்லை. துறைமுகத்தில் வேலை பார்க்கும் தம்பி நேசக்குமாருக்கு ஹெபடைடிஸ் பி என்று தெரிந்ததும் தனித் தட்டும் டம்ளரும் ஒதுக்கினார். தேவாலயத்தில் எல்லாரும் குடிக்கும் திருவிருந்துப் பாத்திரத்தில் கடைசி ஆளாகக் குடிக்கும்படி உத்தரவிட்டார். தடுப்பூசிக்குக் கூப்பிட்ட நர்ஸ் ஜெபசுதாவிடம், "நாங்க ஒழுக்கமான குடும்பம்லா, எங்களுக்கு எதுக்கு ஊசி?" என்றார்.

"தட்டுல, டம்ளர்ல ஒட்டாது சார்வாள். ரத்தத்துல ஒட்டும். ஷேவிங் ரேசர் யாருது?"

"தம்பி கப்பல்காரன்ட்ட வாங்குன ஜெர்மன் சாமான். ரெண்டு பேருக்கும் ஒரே பிளேடுதான்."

"நல்லாருக்கு! தட்டப் பிரிச்சிட்டு பிளேட கூட்டு வச்சிருக்கியளே."

மறுவாரம் பரிசோதனையில் தேவபிரசாதத்தின் ரத்தத்திலும் கிருமி இருந்தது. இனி அவருக்குத் தடுப்பூசி உதவாது. மனைவி ஈவாஞ்சலினுக்குக் கிருமி இல்லை. அவரைக் கேட்காமலே முதல் ஊசி போட்டுக்கொண்டு வந்தவள், அவர் போட்ட சட்டப்படியே அவருக்கும் ஒரு தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள்.